கடலுக்குள் செல்லும் கமரா

கண்டி வீதி வழியாக ஆனையிறவைக் கடந்து செல்வோர் அனைவரும் அங்குள்ள உப்பளத்தைக் கண்டிருப்பர். கடல்நீரைப் பாத்திகளிலே தேக்கி வெயிலுக்கு விட்டுவிட்டால், நீர் ஆவியாகி அகல, உப்பு வெண்பளிங்காகப் படிந்து நிற்கிறது. அங்கே இதற்காக மனிதர் பாத்தி கட்டவேண்டியிருக்கிறது, வரம்பு உயர்த்தவேண்டியிருக்கிறது. ஆனால், கடலில் மூழ்கி எழுந்த கமராவைக் கழுவாமல் திண்ணையிலே உலரவைத்துவிட்டு உண்ணப் போகிறவர், எவ்வித முயற்சியுமின்றி உப்பு விளைவிக்கிறார். கருவியின் ஒவ்வொரு திருகாணி இடுக்கிலும், ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஒரு சிற்றுப்பளம் தோன்றிவிடுகிறது. அடுத்த தடவை அந்தப் பொத்தானை அழுத்தும்போது, கூரிய உப்புப் பளிங்குகள் உள்ளிருக்கும் இறப்பர் வளையத்தை அரத்தைப்போல் அராவுகின்றன. அதற்கடுத்த தடவை கடல்நீர் அந்தக் கீறலின் வழியே உள்ளே நுழைகின்றது.

நீரின் கீழே படமெடுப்பது ஒரு காலத்தில் செல்வர்க்கும் வெளிநாட்டு ஆய்வாளர்க்குமே உரிய கலையாக இருந்தது. இன்று நிலைமை அவ்வாறில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு கமராக்களும், நீர்புகாத கைத்தொலைபேசிகளும், அவற்றுக்கேற்ற உறைப்பெட்டிகளும் கடைகளில் விற்பனையாகின்றன. கடற்புற்றரைகளையும் மீன்குஞ்சுகளையும் ஆராயும் பல்கலைக்கழக மாணவர்க்கு அவை பாடநூலைப் போலவே இன்றியமையாதனவாகி வருகின்றன. சங்கும் கடலட்டையும் தேடி மூழ்கும் இளைஞர்க்கும் அவை எட்டாத பொருள்களல்ல. ஆயினும் வாங்குவது எளிதாகிய அளவுக்குப் பேணுவது எளிதாகிவிடவில்லை. ஒரு குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கிய கருவி ஒரு மணற்றுணிக்கையால் ஒரே நாளில் பாழாகிவிடக்கூடும். ஆதலால் இவ்வாரம் அக்கருவிகளைப் பேணும் முறைகளைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இக்கலையின் வரலாறே நீர்க்கசிவோடுதான் தொடங்குகிறது என்பதை அறிந்தால் மாணவர்கள் வியப்படைவர். 1856ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் வேமத் குடாவில் வில்லியம் தொம்சன் என்பார், கண்ணாடி முகப்புக் கொண்ட பெட்டியொன்றினுள் கமராவை வைத்துக் கடலினுள் இறக்கிப் படமெடுத்தார். பெட்டிக்குள் நீர் புகுந்துவிட்டது. எனினும் படத்தகடு தப்பியது. நீரினுள் எடுக்கப்பட்ட முதற்படம் என்று உலகம் போற்றுவது அதனையே. பின்னர் 1893ஆம் ஆண்டிலே லூயி பூட்டான் என்ற பிரெஞ்சு விலங்கியலறிஞர், தமது செப்புப் பெட்டியுடன் இறப்பர்ப் பை ஒன்றை இணைத்து, உள்ளேயிருக்கும் காற்றின் அமுக்கத்தை வெளியேயுள்ள நீரின் அமுக்கத்துக்கு ஈடாக்கும் வழியைக் கண்டார். அதன்பின் எழுபது ஆண்டுகள் சென்றன. 1963இலே யப்பானில் ‘நிக்கொனோஸ்’ என்னும் கமரா வெளிவந்தது. பெல்ஜிய நாட்டவரான ஜோன் டி வூட்டர்ஸ், கடலாய்வாளர் கூஸ்ரோவுக்காக அமைத்த கமராவின் வழிவந்தது அது. பெட்டியே வேண்டாது தன் உடலினுள் தானே நீரைத் தடுத்து நின்ற அந்தக் கருவி, பல வடிவங்களில் வளர்ந்து 2001 வரை உற்பத்தியிலிருந்தது. ஆயினும் அதனையும் காத்தவை சில இறப்பர் வளையங்களே.

நமது நாட்டுக் கடலிலும் இக்கலை மகத்தான பணியொன்றை ஆற்றியுள்ளது. முல்லைத்தீவுக் கரையோரமாகத் தெற்கே சென்று கொக்கிளாயைக் கடந்தால் திருகோணமலை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கடலிலே தள்ளினர் என்பது நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த செய்தி. 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து குடியமர்ந்த ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும், அவர்தம் தோழர் மைக் வில்சனும் கோணமாமலையின் அடிவாரத்தில் மூழ்கி, செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியில் சிதறிக் கிடப்பதைக் கண்டனர். 1957இல் வெளிவந்த கிளார்க்கின் நூல் அச்செய்தியை உலகறியச் செய்தது. பின்னர், 1962இல் வில்சன் நெறிப்படுத்திய ‘ரன்முத்து தூவ’ என்ற சிங்களத் திரைப்படம், கடலடிக் காட்சிகளை இந்நாட்டு மக்களின் கண்முன்னே வர்ணத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. மூழ்கத் தெரிந்த சிலர் மாத்திரம் காணக்கூடியதை, நீந்தவே அறியாத இலட்சம் பேருக்குக் காட்டவல்லது கமரா. அதன் சிறப்பு இதுவே.

படமொன்றின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் தாக்கியபோது, உயிர்களோடும் உடைமைகளோடும் வீட்டுச் சுவரிலே தொங்கிய படங்களையும் அது வாரிச் சென்றது. எஞ்சிய சிலவும் உப்புநீரில் ஊறி, முகங்கள் கரைந்து போயின. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே ஊர்விட்டு ஊர் பெயர்ந்தோர், இறுதியில் கையிலிருந்த பைகளையும் விட்டுவிட்டே வந்தனர். பெற்றோரின் திருமணப் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் இங்கு எத்தனையோ! ஆகவே, நீரினால் ஒரு படம் அழிவது என்றால் என்னவென்பதை நாம் அறிவோம். கமரா பழுதானால் வேறொன்று வாங்கலாம். அதனுள்ளே பதிந்திருந்த காட்சியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கருவியைப் பேணுவதென்பது பொருளைச் சிக்கனப்படுத்தும் முயற்சி மட்டுமன்று. அது நினைவைக் காக்கும் கடமையுமாகும்.

இனி, நீர் எவ்வாறு உள்ளே புகுகின்றது என்பதைப் பார்ப்போம். கடலினுள்ளே ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. சதுரச் சென்ரிமீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரம் என்று இதனைக் கொள்ளலாம். ஒரு சாண் நீளம்கூட இல்லாத, 10 சென்ரிமீற்றர் பக்கமுடைய சதுரக் கண்ணாடியின்மீது, 10 மீற்றர் ஆழத்திலே 100 கிலோகிராம் பாரம் அழுத்துகிறது. இரண்டு அரிசி மூடைகளை அதன்மேல் ஏற்றி வைத்ததற்கு ஒப்பானது இது! இத்துணைப் பாரத்தையும் எதிர்த்து நீரைத் தடுப்பது, பெட்டியின் மூடியைச் சுற்றித் தவாளிப்பினுள் அமர்ந்திருக்கும் மெல்லிய இறப்பர் வளையமே.

இல்லத்தரசிகள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பிரஷர் குக்கரின் மூடியிலுள்ள இறப்பர் வளையத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாற்கூட நீராவி சீறி வெளியேறுகிறதன்றோ? அங்கே ஆவி வெளியே வர முயல்கிறது. இங்கே கடல் உள்ளே வர முயல்கிறது. அவ்வளவே வேற்றுமை. தலைமயிர் ஒன்று, துணியின் நூலிழை ஒன்று, மணற்றுணிக்கை ஒன்று வளையத்தின் குறுக்கே கிடந்தாற் போதும். நீருக்கு வழி பிறந்துவிடும்.

இன்னொரு செய்தியும் உண்டு. கசிவு ஆழ்கடலிலேதான் நிகழும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் அதற்கு மாறானது. ஆழத்திலே நீரின் அமுக்கம் மூடியை இறுக அழுத்துவதால் வளையம் மேலும் நன்றாக அடைக்கின்றது. இடுப்பளவு நீரில் அந்த உதவி இல்லை. எனவே கரையோரத்திலும், கழுவும் வாளியிலுங்கூடப் பல கருவிகள் நீர் குடித்து அழிந்திருக்கின்றன. “ஆழமில்லைத்தானே” என்ற அலட்சியம் கூடாது.

இறப்பர் வளையத்தின் வல்லமை அதன் மீள்சக்தியிலே தங்கியுள்ளது. அழுத்தினால் அமிழ்ந்து, விட்டால் எழுந்து, இடைவெளியை நிரப்புவதே அதன் தொழில். அது கெட்டுப்போனால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் வெடித்துச் சிதறி, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். உந்துகலத்தின் இணைப்பிலிருந்த இறப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்துத் தன் மீள்சக்தியை இழந்திருந்தது. விசாரணைச் சபையிலே பௌதிகவியலறிஞர் றிச்சர்ட் ஃபைன்மன் அந்த இறப்பர்த் துண்டொன்றைக் குளிர்நீரில் அமிழ்த்தி எடுத்து, அது விரைந்து விரியாததை அனைவரும் காணச் செய்தார். நமக்குக் குளிரால் தொல்லையில்லை, வெயிலே பகை. கொதிக்கும் வாகனத்தினுள்ளும் வெட்டவெளி மணலிலும் கிடக்கும் பெட்டியின் வளையம் நாளடைவில் தட்டையாகி, வெடித்து, உயிரற்றுப் போய்விடும்.

இனி நடைமுறைக்கு வருவோம். கடலுக்குப் போவதற்கு முன்னர் செய்யவேண்டியன இவை.

பெட்டியைக் கடற்கரையிலே திறந்து பூட்டலாகாது. வீட்டிலே, காற்று வீசாத இடத்தில், துடைத்த மேசையின்மேல், கைகளைக் கழுவித் துடைத்தபின் அப்பணியைச் செய்க. வளையத்தைக் கழற்றுவதற்கு ஊசியோ கத்தியோ உதவாது. விரலாலேனும் மழுங்கிய பிளாஸ்ரிக் அட்டையாலேனும் மெல்ல எழுப்புக. வளையத்தை விரல்களுக்கிடையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத மணலையும் கீறலையும் விரல்நுனி உணரும். தவாளிப்பை நூல் கழலாத துணியால் துடைத்து, வளையத்துக்கு அதனைச் செய்த நிறுவனம் விதந்துரைத்த கிறீசைப் பூசுக. எல்லாக் கிறீசும் எல்லா இறப்பருக்கும் ஒவ்வா. ஒவ்வாத கிறீசினால் வளையம் ஊதிப் பெருத்துவிடும். தேங்காயெண்ணெயையும் வசிலினையும் அருகே கொண்டுவரவே வேண்டாம். பூசும் அளவோ, வளையம் மினுங்கும் அளவே. கிறீசு நீரைத் தடுப்பதில்லை. வளையம் வழுவழுப்பாக அமர உதவுவதே அதன் பணி. அள்ளிப் பூசினால் மணலை அழைத்து ஒட்டவைத்துக்கொள்ளும்.

அடுத்து, கமராவை உள்ளே வைக்காமல் வெறும் பெட்டியைப் பூட்டி, ரிஷ்யூக் கடதாசி ஒன்றை உள்ளிட்டு, வாளி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைக்க. நீர்க்குமிழிகள் தொடர்ந்து எழுந்தால் கசிவு உண்டென்று அறிக. வெளியே எடுத்துத் துடைத்துத் திறந்து பார்க்கையில் கடதாசி உலர்ந்திருந்தால் அச்சமில்லை. வாளியில் தோற்ற பெட்டி கடலில் வெல்லாது. புதிய பெட்டி வாங்கியபோதும், வளையம் மாற்றியபோதும், நெடுநாட்களுக்குப் பின் எடுக்கும்போதும் இச்சோதனை அவசியம்.

நுளம்புக்காக உடலில் பூசும் களிம்புகளிலே டீட் என்னும் இரசாயனம் சேர்ந்திருப்பதுண்டு. அது பிளாஸ்ரிக்கைக் கரைக்கவல்லது. பூசிய கையால் பெட்டியையும் முகப்பையும் தொடாதிருப்பது நன்று.

கடலிலிருந்து கரையேறியபின் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதுவே யாவற்றிலும் தலையாயது. உப்புநீர் உலருமுன் கருவியை நன்னீரில் இடவேண்டும். உலர்ந்த உப்பைக் கரைப்பது கடினம். உலராத உப்பு தானே கரைந்து போகும். கரையிலே நன்னீர் கிடையாவிடின், வீடு சேரும்வரை ஈரத்துணியாற் சுற்றி நிழலில் வைத்துக் கொண்டுவருக. பின்னர், திறவாத பெட்டியை அரைமணி நேரமாவது நன்னீரில் ஊறவிட்டு, நீரினுள்ளேயே ஒவ்வொரு பொத்தானையும் பல தடவை அழுத்தி விடுக. இடுக்கிலிருக்கும் உப்புநீர் வெளியேற, அவ்விடத்தை நன்னீர் நிரப்பும். குழாய்நீரைப் பீச்சி அடித்துக் கழுவுதல் தவறு. அது மணலை வளையத்துக்குள் செலுத்திவிடும்.

‘நன்னீர்’ என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. நமது கரையோரக் கிராமங்களில் கிணற்று நீரே உவர்ப்பாயிருப்பதுண்டு. வாயில் வைத்தாற் கரிக்கும் நீரினால் கருவியைக் கழுவுவது உப்பை உப்பாற் கழுவுவதாகும். மழைநீரைச் சேமித்து வைத்திருப்போர் அதனைப் பயன்படுத்தலாம். உட்பகுதிக் கிணறுகளின் நீர் உவர்ப்பின்றி இருந்தாலும், கேத்தலின் அடியிலே வெண்சுண்ணம் படியச் செய்கிறதன்றோ? அந்தப் படிவு கண்ணாடி முகப்பிலும் புள்ளிகளாக நிற்கும். ஆகையால் முகப்பை மெல்லிய துணியால் உடனே ஒற்றி எடுத்துவிடவேண்டும்.

திறக்குமுன் பெட்டியையும், கைகளையும், தலைமயிரையும் துடைத்துக்கொள்க. தலையிலிருந்து சொட்டும் ஒரு துளி கடல்நீர், முழுநாளும் உள்ளே வர இயலாத கடலின் பணியைச் செய்து முடித்துவிடும்.

மாரிகாலத்துக்கென்று சில சொற்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களிலே சமையலறையின் உப்புச் சாடியில் உப்பு கசிந்து நீர்விடுவதை அனைவரும் கண்டிருப்பர். காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுப்பது கடலுப்பின் இயல்பு. சரியாகக் கழுவாத கருவியினுள் எஞ்சிய உப்பு, அலுமாரிக்குள் இருந்துகொண்டே ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். கண்ணாடி வில்லைகளிலும் அப்பருவத்தில் பூஞ்சணம் படரும். பாடசாலை ஆய்வுகூடங்களில் நுணுக்குக்காட்டிகளைப் பேணும் ஆசிரியர்கள் இத்தொல்லையை நன்கறிவர். நன்கு உலர்ந்த கருவியைக் காற்றிறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பது இதற்குப் பரிகாரம். நீலநிற மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் அவை ஈரத்தை நிறைய உறிஞ்சிவிட்டன என்பது பொருள். மிதமான சூட்டில் வறுத்தெடுத்தால் மீண்டும் நீலமாகிப் பணிபுரியும். ஆனால் உணவு சமைக்கும் பாத்திரத்தில் அவற்றை வறுக்கக் கூடாது. அந்த நிறத்தைத் தரும் கோபாற்று உப்பு நஞ்சாகும். நெடுநாள் வைப்பதாயின் மின்கலத்தை வெளியே எடுத்துவிடுக. பெட்டியை இறுகப் பூட்டாது வைத்தால் வளையம் நசுங்காமல் நீண்டகாலம் உழைக்கும்.

இச்சிலிக்கா ஜெல்லுக்கு வேறொரு பயனும் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றைப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு கடலில் இறங்கினால், நீரின் குளிர்ச்சியால் அந்த ஈரம் ஒடுங்கிக் கண்ணாடியின் உட்புறத்திலே பனியாகப் படியும். படம் யாவும் மங்கிவிடும். பெட்டியினுள் ஒரு சிறு பொட்டலத்தை வைத்தால் இக்குறை தீரும். அந்தப் பொட்டலம் வளையத்தில் அகப்படாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும்.

அத்துணைக் கவனத்தையும் மீறி நீர் புகுந்துவிட்டால் என் செய்வது? பதறாமல், பெட்டியின் முகப்பைக் கீழ்நோக்கிப் பிடித்தவாறு மேலே வருக. கருவியின் பொருட்டு மூச்சை அடக்கி விரைதலும், தவறிய கருவியைத் தேடித் தனியே மூழ்குதலும் உயிருக்கு ஆபத்து. கரையேறியதும் கருவியை நிறுத்தி, மின்கலத்தைக் கழற்றிவிடுக. “வேலை செய்கிறதா?” என்று முடுக்கிப் பார்க்கும் ஆசையே பல கருவிகளைக் கொன்றிருக்கிறது. உப்புநீரினூடே மின்னோட்டம் பாயும்போது மின்பகுப்பு நிகழ்ந்து, நுண்ணிய செப்புப் பாதைகள் விரைவில் அரிக்கப்படும். நனைந்த இலிதியம் மின்கலத்தை மறுபடி மின்னேற்ற முயலவே கூடாது, அது தீப்பற்றக்கூடும். நினைவட்டையை நன்னீரில் அலசி உலர்த்தினால், கமரா இறந்தாலும் படங்கள் பிழைப்பதுண்டு. தொம்சனின் படத்தகடு தப்பியதைப் போல!

நனைந்த கருவியை அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் எங்கும் பரவியுள்ளது. நெல் விளையும் மண்ணில் வாழும் நமக்கு அதன் பயனின்மையை உணர்வது எளிது. நெல்லை விற்கும்போது ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாதென்று நெல் சந்தைப்படுத்தும் சபை விதித்திருப்பதை நமது உழவர் அறிவர். அதாவது, நன்கு காய்ந்த தானியத்திலும் நூற்றுக்குப் பதினான்கு பங்குவரை நீரே இருக்கலாம். தன்னுள்ளேயே நீரைச் சுமந்திருக்கும் அரிசி பிறிதொன்றின் ஈரத்தை எவ்வாறு விரைந்து வாங்கும்? அன்றியும் அது உப்பை ஒருபோதும் அகற்றாது. தவிட்டுத்தூளை மட்டும் உள்ளே அனுப்பும்.

கைத்தொலைபேசி வைத்திருப்போருக்கும் ஓர் எச்சரிக்கை. ‘ஐ.பி.68’ என்று குறித்திருப்பதைக் கண்டு கடலில் இறங்குவோர் உளர். அந்த எண்களில் 6 என்பது தூசியையும் 8 என்பது நீரில் அமிழ்தலையும் குறிக்கும். அமிழ்தற் சோதனை ஆய்வுகூடத்திலே, அசையாத நன்னீரிலே, குறித்த ஆழத்துக்கும் நேரத்துக்கும் நடத்தப்படுவது. அலையும் உப்பும் மணலும் அங்கு இல்லை. ஒருமுறை கீழே விழுந்த, அல்லது பழுதுபார்க்கத் திறக்கப்பட்ட தொலைபேசியின் ஒட்டு முன்போல் இருப்பதுமில்லை. நீரினால் நேர்ந்த சேதத்துக்கு உத்தரவாதம் பெரும்பாலும் கிட்டாது என்பதையும் நினைவிற் கொள்க.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இவற்றுள் பொருட்செலவு மிகுந்தது எதுவுமில்லை என்பது புலனாகும். ஒரு வாளி நன்னீர், ஒரு துண்டுத் துணி, ஒரு சொட்டுக் கிறீசு, அரைமணி நேரப் பொறுமை. கடலில் களைத்து வந்த மாலைப்பொழுதில் அந்த அரைமணி நேரம் மிக நீளமாகத் தோன்றும் என்பது உண்மையே. மீனவர், எவ்வளவு களைத்து வந்தாலும் வலையைச் சிக்கெடுத்து உலர்த்திய பின்னரே வீடு செல்கின்றனர். நாளைய தொழில் இன்றைய வலையில் இருக்கிறதென்பதை அவர்கள் அறிவர். மாணவர்கள் அவர்களிடமிருந்து கற்கவேண்டிய பாடம் இது.

முல்லைத்தீவுக் கடலடியில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன, கடற்புற்றரைகள் வளர்கின்றனவா தேய்கின்றனவா, பவளம் எவ்விடத்தில் வெளிறுகின்றது என்பவற்றை வருங்காலத்துக்குப் பதிந்துவைக்க வேண்டியவர் இக்கரையின் பிள்ளைகளே. நிலத்தின்மேல் நாம் இழந்த படங்கள் பல. நீரின் கீழே எடுக்கும் படங்களையாவது, ஒரு மணற்றுணிக்கைக்குப் பலிகொடாது காப்போமாக.